பன்னிரண்டாம் கட்டம்

இல்லை, "சார், தயவுசெய்து" என்று ஆரம்பிக்கவே கூடாது, தயவு என்ன தயவு, அவர் வீட்டு வாசலில் ஒரு கை உப்புக் கேட்டா நிற்கிறேன், நேராகவே சொல்லிவிட வேண்டியதுதான், நீங்க எழுதினது தப்பு, நான் கையெழுத்துப் போட மாட்டேன், அந்த மனுஷனைக் கிடங்குக்கு அனுப்பாதீங்க, மூன்றே வாக்கியம், மூச்சு விடாமல் சொல்லிவிட்டால் முடிந்தது... ஆனால் மூன்றாவதைத்தான் முதலில் சொல்ல வேண்டுமோ? கையெழுத்து மாட்டேன் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் இயக்குநருக்கு முகம் சிவந்துவிடும், அப்புறம் நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது, சிவக்கட்டுமே, எனக்குச் சிவக்கவில்லையா, நாலு நாளாக எனக்கு வயிறு எரிகிற எரிச்சலுக்கு யார் பதில் சொல்வது... இயக்குநர் அறை வாசலில், இந்த நடையில் ஒரு மின்விசிறி இருக்கிறது, சுற்றுவதில்லை, அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். உள்ளே அவருக்கு ஏசி, கதவுக்கு அடியில் கசிந்து என் கால் விரலுக்கு மட்டும் கொஞ்சம் சில்லென்று வருகிறது. மடியில் இருந்த பழுப்பு உறையை எடுத்து விசிறிக்கொண்டேன். "சார் போன்ல இருக்கார் மேடம், அஞ்சே நிமிஷம்" என்றார் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர், இருபது நிமிடத்துக்கு முன்னாலும் இதே அஞ்சு நிமிஷம்தான், அகராதி அலுவலகத்தில் அஞ்சு என்பதற்கு மட்டும் யாரும் பொருள் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

விஷயம் என்னவோ ஒரு காக்காதான். கரைகிற காக்கா, கறுப்புக் காக்கா. எங்கள் வேலை அப்படி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை, அட்டையில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு மொழி, அதே ஓசையில் அந்த மொழியில் ஒரு சொல் இருந்தால் அதன் பொருளை எழுதி, எங்கிருந்து கிடைத்தது என்று ஆதாரமும் எழுத வேண்டும், கடைசியில், சொல் எங்கே பிறந்தது என்று பார்க்கிற மூலப் பிரிவின் தலைமையில் இருப்பவர் அடியில் 'உறவு உண்டு' என்றோ 'உறவில்லை' என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். அந்தத் தலைமை ஒன்பது வருஷமாக நான். நூற்றுக்குத் தொண்ணூறு அட்டையில் 'உறவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன், அதனால் எனக்கு இந்தக் கட்டிடத்தில் பட்டப்பெயரே 'உறவில்லை'தான், முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள், சொல்லட்டும், நான் என்ன ஆசைப்பட்டா எழுதினேன், உலகம் அப்படி இருக்கிறது. காக்காவை எடுத்துக்கொண்டால், நமக்குப் பறவை. நம்மிலேயே சில வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். ஸ்வாஹிலியிலும் காக்கா என்றால் அண்ணன். மராத்தியில் அப்பாவின் தம்பி. ஹவுசாவில் தாத்தா, பாட்டி. மவோரியில் ஒரு காட்டுக் கிளி. ஸ்வீடிஷில் பிஸ்கெட், கேக். இத்தனையையும் பார்த்தால் சாதாரண மனுஷர் என்ன சொல்வார்? அட, வேடிக்கையாக இருக்கிறதே என்பார், சிரிப்பார், டீ குடிக்கப் போவார். எங்கள் இயக்குநர் என்ன சொன்னார்? எல்லாம் நம்ம காக்கா போட்ட முட்டை என்றார். பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். 'உலகம் சுற்றிய ஒரு சொல்.' அகராதி வெளியீட்டு விழாவுக்கு இதையே பேனராகவும் அடிக்கப் போகிறாராம். கடலோரத்து மனிதர்கள் படகில் ஏறிப் போய் அங்கங்கே இந்தச் சொல்லை விதைத்துவிட்டு வந்தார்களாம், ஸ்வீடன்காரர் மட்டும் பறவையைத் தின்னாமல் மாவில் செய்து தின்றார் என்று எழுதாததுதான் பாக்கி.

கேட்கிறவன் கேணை என்றால் இப்படித்தான். காக்கா கத்துகிற கத்தலில் காக்காவுக்குப் பெயர் வந்தது, அந்தக் கிளிக்கும் அது கத்துகிற கத்தலில்தான் வந்தது என்கிறார்கள், எந்த ஊர்ப் பிள்ளையும் வாய் திறந்ததும் மாமா, பாப்பா, தாத்தா, காக்கா என்று ஒரே எழுத்தை இரண்டு தடவை உளறும், பக்கத்தில் எந்தச் சொந்தக்காரர் குனிந்து நிற்கிறாரோ அவர் அது என்னைத்தான் கூப்பிட்டது என்று எடுத்துக்கொள்வார், ஒரு ஊரில் அண்ணன் நின்றான், ஒரு ஊரில் சித்தப்பா நின்றார், இதற்குப் படகு எதற்கு, துடுப்பு எதற்கு? ஸ்வீடிஷ் கேக் தனி வழியில் வந்தது, அதற்கு வேறு பங்காளிகள். மனுஷ வாய் எல்லா ஊரிலும் ஒரே வாய்தான், இரண்டு உதடு, ஒரு நாக்கு, அதில் எத்தனை ஓசைதான் கிளம்பும், முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போன வருஷம் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, "நீ எங்க சித்தி மகதானே, அதே மூக்கு, அதே நெத்தி, எங்களையெல்லாம் மறந்துட்டியா" என்று அழவே ஆரம்பித்துவிட்டார், நான் இல்லைம்மா, நான் இல்லைம்மா என்று எத்தனை தடவை சொன்னேன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள், சொந்தத்தை ஒளிக்கிறாளாம். மூக்கு ஒன்றாக இருந்தால் ஒரே வயிற்றில் பிறந்தவர்களா? எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை, அவருக்கு யாரோ தொலைந்துபோயிருக்கிறார்கள். இயக்குநருக்கு யார் தொலைந்தார்கள்? அவருக்கு வேண்டியது மேடை, மாலை, கைதட்டல்.

காலையில் வீட்டிலும் இதே பேச்சுத்தான். பல் தேய்த்துக்கொண்டே மகள் கேட்டாள், "அம்மா, ஐரோப்பால பாதி பாஷைல குழந்தைங்க கக்கா போறதுக்கும் அதே வார்த்தைதானாமே, நம்ம வீட்லயும் அதானே சொன்னீங்க, அதையும் உங்க சார் பேனர்ல போடுவாரா?" என்று, வாயில் நுரையோடு சிரித்துச் சிரித்து வாஷ்பேசினெல்லாம் தெறித்தது. அந்தக் கட்டத்தை மட்டும் அவர் கட்டுரையில் காணோம், அது கடல் கடந்து போகவில்லை போலிருக்கிறது, நாற்றம் பிடித்ததெல்லாம் அவரவர் ஊரிலேயே பிறந்ததாம், மணக்கிறது மட்டும் நம்முடையதாம், நல்லா இருக்கே நியாயம்! எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், கோபம் தணிந்துவிடுமோ என்று பயம். கணவர் செருப்பு மாட்டிக்கொண்டே, "உனக்கெதுக்கு இந்த வம்பு, கையெழுத்துதானே, போட்டுட்டு வா, யாரு படிக்கப் போறா" என்றார். யார் படிக்கப் போகிறார்கள்! இருபத்தாறு வருஷமாக நான் செய்கிற வேலையைப் பற்றி என்னோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்துகிறவர் பேசுகிற பேச்சா இது? படிக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவர், படித்ததற்குத்தான் அவரைக் கிடங்கில் போடுகிறார்கள் என்று கத்தினேன். "கத்தாதே, பஸ் போயிடும்" என்றார். அவருக்கு எப்போதும் பஸ்தான்.

கமா அண்ணனைத்தான் சொன்னேன். மெய்ப்புத் திருத்துகிறவர், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜன்னலோர மேஜையில் அவர்தான். யார் எழுதினதிலும் நாலு கமா கூடச் சேர்ப்பார், அதனால் அந்தப் பெயர், இன்னொரு காரணமும் உண்டு, அவருக்கு மூச்சிரைப்பு, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கமா போட்டுக்கறேன், நீங்க போங்க" என்பார். காக்கா பக்கத்தின் முதல் மெய்ப்பில், பன்னிரண்டாம் கட்டத்துக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதினார். பதில் வரவில்லை. இரண்டாம் மெய்ப்பிலும் எழுதினார். மூன்றாவதிலும் எழுதினார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு இயக்குநர் கூப்பிட்டனுப்பி, மெய்ப்பு பார்க்கிறவர் எழுத்துப் பிழையைப் பார்த்தால் போதும், என் ஆராய்ச்சியைத் திருத்த வேண்டாம் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சத்தம் போட்டாராம். மறுநாள் மெமோ, 'நிர்வாக நலன் கருதி', கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றம். கிடங்கு என்றால் என்ன? ஜன்னல் இல்லை, முப்பது வருஷத்துத் தாள், கை வைத்தால் புழுதி எழும்பும், ஆரோக்கியமான நானே அங்கே போய்ப் பத்து நிமிடம் நின்றால் நாள் முழுக்கத் தும்முகிறேன். சட்டைப் பையில் இன்ஹேலரோடு நடமாடுகிற மனுஷரை, ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கும்போது அங்கே தள்ளுகிறார்களே, இதற்கு நேராகக் கழுத்தைப் பிடித்து நெரித்துவிடலாமே... நாளை மறுநாள் அவர் கீழே போக வேண்டும். அதற்குள் அந்தக் கட்டம் நிற்காது என்று நான் எழுதிக் கொடுத்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, மெமோவுக்குக் காலே இல்லை. நான் 'உறவு உண்டு' என்று கையெழுத்துப் போட்டால் அவர் திமிர் பிடித்தவர். இவ்வளவு பச்சையாக இருக்கிறது கணக்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவருக்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவர் என்னவென்றால் காலையில் படித் திருப்பத்தில் என்னைப் பார்த்து, "ஏம்மா, அங்க எதுக்குப் போறே? பதினோரு மாசம்தானே, ஓட்டிடுவேன்" என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. நான் பிரிவுத் தலைமைக்கு வந்த நாளிலிருந்து 'மேடம்' தவிர வேறு கூப்பிட்டதில்லை, அண்ணே வேணாண்ணே என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை, இன்றைக்கு மட்டும் என்ன பழையபடி ஏம்மா? "முடியாதுண்ணே, இன்னிக்கு நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் கக்கத்திலிருந்து இந்தப் பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார், "மூல அட்டை. ரெக்கார்டு ரூம்லேர்ந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். போறதுன்னா உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போ." சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பார்க்க என்ன இருக்கிறது? அட்டையில் இருப்பதுதான் மெய்ப்பில் இருக்கிறது, மெய்ப்பை நான் நாலு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். இந்த மனுஷர் இப்படித்தான், தன் கழுத்துக்குக் கத்தி வரும்போதும் ஆதாரம், அட்டை, அடிக்குறிப்பு.

அட்டெண்டர் எழுந்து நின்றார், விழா அதிகாரி வருகிறார், கையில் சுருட்டின பேனர், எனக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டார், அவருக்குப் போன் குறுக்கே நிற்காது. கதவு மூடுகிறதற்குள் குரல் மட்டும் வந்தது, "சார், பூகோள உருண்டைக்கு மேல காக்கா பறக்குது சார், ரெக்கை ரெண்டும் ரெண்டு பெருங்கடலைத் தொடுது சார், பிரமாதம் சார்." காக்கா பிடிக்கிறது என்று சும்மாவா சொன்னார்கள், கால் கை பிடிக்கிறதுதான் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதற்கும் ஆதாரம் கிடையாது, ஆனால் உள்ளே நடக்கிறதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பேனரே அடித்தாகிவிட்டது! என் கையெழுத்து விழாத பக்கத்துக்குப் பேனர் அடித்தாகிவிட்டது என்றால் நான் யார், பொம்மையா, ரப்பர் ஸ்டாம்பா? என்னைக் காக்க வைத்துவிட்டு எனக்கு முன்னால் பேனரைக் கொண்டுபோகிறார்கள், எவ்வளவு நெஞ்சழுத்தம்! உறையால் வேகமாக விசிறிக்கொண்டேன், அட்டெண்டர் பரிதாபமாகப் பார்த்து, "தண்ணி வேணுமா மேடம்" என்றார். வேண்டாம், எனக்குத் தண்ணீர் வேண்டாம், நியாயம் வேண்டும், இருந்தால் ஒரு டம்ளர் கொண்டுவாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது அந்தப் பன்னிரண்டாம் கட்டம்தான். முந்நூறு பேர் மட்டும் பேசுகிற ஏதோ ஒரு தீவு மொழி, பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது, அந்தக் காலத்துப் பிரிவுத் தலைவர் அட்டை அச்சடிக்கும்போது பதினொன்று என்றால் பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று சேர்த்த மொழி அது. அதில் காக்கா என்றால் என்னவாம்? 'விடியலில் கூப்பிடும் பறவை, கூப்பிட்டு எழுப்புபவன், மூத்தவன்.' ஆஹா! பறவையில் ஆரம்பித்து, கூப்பிடுகிறவனாகி, அண்ணனில் போய் முடிகிறது, படி கட்டி வைத்தது போல் ஒன்று, இரண்டு, மூன்று. இயக்குநர் இதைத்தான் பிடித்துக்கொண்டு 'பாலச்சொல்' என்று பெயர் வைத்து, இந்தப் பாலத்தின் மேல்தான் காக்கா பறவையாக இருந்து அண்ணனாக மாறிற்று என்று அரைப் பக்கமும் எழுதியிருக்கிறார், இது ஒன்று இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் உதிரி. எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் தெரியும், நிஜமான சொல் எதுவும் இவ்வளவு மரியாதையாக வந்து உட்காராது. நிஜமான சொல்லுக்கு எங்கேயாவது ஒரு கோணல் இருக்கும், பறவை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்திலேயே ஓட்டை வாளி என்றும் ஒரு பொருள் இருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. இது யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதினது. ஆதாரம் என்ற இடத்தில் வெறும் 'நே.', நேரில் கேட்டது, நூலும் வேண்டாம் பக்க எண்ணும் வேண்டாம், எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதற்கு இந்த ஆபீசில் இருந்த ஒரே பொந்து அதுதான், அப்புறம் அதை மூடிவிட்டோம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, கெட்டிக்காரத்தனம் வழிகிறது, எழுதிவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருப்பான். அவன் செய்த வேலைக்கு இன்னொருத்தர் நுரையீரலில் புழுதி. கையில் கிடைத்தால் கேட்பேன், ஏண்டா, ஒரு கட்டம் காலியாக இருந்தால் உனக்கு என்னடா?

கட்டம் காலியாக... பழைய பிரிவுத் தலைவர் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார், "காலிக் கட்டம் இருந்தா கையெழுத்து கிடையாது, கையெழுத்து இல்லேன்னா வீட்டுக்குக் கிடையாது", அவருக்கு அதில் ஒரு பெருமை, பன்னிரண்டும் நிரம்பின அட்டையைத் தட்டித் தட்டி அடுக்குவார், 'தெரியவில்லை' என்று எழுதக் கூடாது, அது சோம்பேறித்தனமாம், எத்தனை தடவை என் அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்... எதற்கும் பார்த்துவிடலாம், 'நே.' என்றால் அட்டையில் கேட்கப்பட்டவர் பெயர் இருக்க வேண்டும், உள்ளே போனதும் அதைக் கேட்டு மடக்கலாம், கமா அண்ணன் அதற்குத்தான் கொடுத்திருப்பார். விசிறுவதை நிறுத்தி உறையைப் பிரித்தேன். மஞ்சள் அடைந்த அட்டை. ஊதா மை. அந்த ஊதா மையை ஒரே ஒரு வருஷம்தான் வாங்கினார்கள், எல்லாரும் குறை சொன்னார்கள், கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், நான் சேர்ந்த வருஷம். பன்னிரண்டாம் கட்டம். 'க'வுக்குக் கீழே வால் கொஞ்சம் நீளமாக இழுத்து, 'ற'வைப் படுக்க வைத்தாற்போல... இன்றைக்கும் மகளின் பள்ளிக்கூட டைரியில் அப்படித்தான் எழுதுகிறேன், "அம்மா, உன் எழுத்தை மிஸ்ஸாலகூடப் படிக்க முடியல" என்பாள். கேட்கப்பட்டவர்: மாலுமி.

மாலுமியாம்! எந்த மாலுமி? நான் மாலுமியைக் கண்ணால் பார்த்ததில்லை. இல்லை, இருக்காது, வேறு யாராவது என் மாதிரி எழுதியிருக்கலாம், ஒரே மாதிரி இருந்தால் ஒன்றாகிவிடுமா, இப்போதுதானே... சே. எனக்கே காதில் பூ சுற்றுகிறேன். ஞாபகம் வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம், ஐந்தே கால் மணி, கல்யாணமாகி ஒரு மாதம், கேட்டில் அவர் வந்து நின்றுகொண்டிருக்கிறார், ஆறு மணிக் காட்சிக்குப் போக வேண்டும், ஜன்னல் வழியாகத் தெரிகிறது, வாட்சைப் பார்க்கிறார், பஸ் வருகிற திசையைப் பார்க்கிறார், மறுபடி வாட்சைப் பார்க்கிறார், பதினொரு கட்டம் ஒழுங்காக எழுதியாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் நூல், பக்கம் எல்லாம் சுத்தமாக, ஒன்றே ஒன்று காலி. அழவில்லை, ஒன்றுமில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்றோ ஒரு சாக்குக்கூட இல்லை எனக்கு. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன், பறவை, அண்ணன், நடுவில் என்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன், கூப்பிடுகிறவன் என்று வந்தது, அடேயப்பா என்று எனக்கே சிலிர்த்தது, எழுதிவிட்டு ஓடினேன். முதுகைத் தட்டிக்கொண்டேனா? தட்டிக்கொண்டேன். படம் என்ன படம் என்று இப்போது ஞாபகமே இல்லை, யார் நடித்தது, என்ன கதை, ஒன்றும் இல்லை, இடைவேளையில் பொரி வாங்கினோம், அவ்வளவுதான் மிச்சம். அதற்காகவா?

ஓடும்போது குறுக்கே கமா அண்ணன். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும், இருமல் அப்போதும் உண்டு. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நேர்லயா கேட்டே?" என்றார். "ஆமாண்ணே." "யாரு, மாலுமியா?" "ஆமாண்ணே, போன வாரம்." ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார், "சரி, போ, கேட்ல ஆள் நிக்குது" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டிருக்கிறோம், அவர் மகள் கல்யாணத்துக்கு நான் முழு நாள் நின்றேன்... அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் அவருடைய எறும்பு எழுத்து, தேதி, அதன் கீழே: 'நேரில் கேட்டதாகச் சொல்கிறார், சரி.' சொல்கிறார் என்பதற்குப் பிறகு ஒரு கமா. அவர் பெயரின் முதலெழுத்து.

இதை எடுத்துக்கொண்டு போய் இயக்குநர் மேஜையில் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கமா அண்ணன் தப்பித்திருப்பார். இதோ யார் எழுதினது பாருங்க, உங்க மூலப் பிரிவுத் தலைவி, மத்தவங்க அட்டையில எல்லாம் 'உறவில்லை', 'ஆதாரமில்லை'ன்னு கிழிக்கிறாங்களே அந்த அம்மா... அவர் போடவில்லை. கிடங்குக்குப் போகத் தயாராகிவிட்டு, அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்படியானால் அந்த மூன்று பென்சில் கேள்வி? ஒன்று, இரண்டு, மூன்று என்று மெய்ப்பு மாற்றி மெய்ப்பு கேட்டாரே, அந்த மெய்ப்புகள் இயக்குநரிடம் போவதற்கு முன்னால் யார் மேஜைக்கு வரும்? என் மேஜைக்குத்தானே வந்தது? நான்தானே ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு, பலே, நல்லாக் கேட்டீங்கண்ணே, மூக்கறுந்தது அந்த ஆளுக்கு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு மேலே அனுப்பினேன்? எனக்குக் கோபமாக வருகிறது, இப்போதும் வருகிறது, ஏண்ணே, பக்கத்து மேஜைதானே, வாயைத் திறந்து நேராகக் கேட்டிருக்கக் கூடாதா, என்னை நாலு நாள் இப்படிக் குதிக்க விட்டு வேடிக்கை பார்த்தீங்களே என்று அவர் மேலேயே கோபம் வருகிறது, யார் மேல் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

விழா அதிகாரி வெளியே வந்தார், பேனரைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு. "மேடம், சார் கூப்பிடறார்" என்றார் அட்டெண்டர். எழுந்தேன், வலது கால் மரத்துப்போயிருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நேரம் சேர்த்து வைத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன், எல்லாம் 'நீங்க', 'நீங்க', 'நீங்க' என்றே ஆரம்பித்தன, ஒன்றுகூட உதவாது. இப்படியே திரும்பிப் போய்விடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், உறையை ரெக்கார்டு ரூமில் எங்கேயாவது செருகிவிடலாம், அந்த அட்டை மறுபடி யார் கைக்கும் அகப்படாது, பதினோரு மாதம்தானே என்று அவரே சொல்லிவிட்டாரே... கதவைத் தள்ளினேன். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. "வாங்க வாங்க, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களாமே, ஒண்ணுமில்ல, எங்க கையெழுத்துப் போடணும்னு பென்சில்ல குறிச்சிருக்கு" என்று தாளைத் திருப்பி வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார் இயக்குநர், மரியாதையாகத்தான் பேசினார்.

நான் பேனாவை வாங்கவில்லை. அட்டையை அவர் தாளின் மேல் வைத்தேன், பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. "என்னங்க இது?" என்றார். "நான்..." என்று ஆரம்பித்தேன், அவர் காத்திருந்தார், என் கண் அந்தச் 'சரி'யிலேயே நின்றது, அந்தப் பென்சில் எழுத்து இத்தனை வருஷத்தில் கொஞ்சம்கூட அழியவில்லை. அன்றைக்குக் கமா அண்ணன் என்னை நம்பித்தான் அதை எழுதினாரா, இல்லை, ஜன்னலைப் பார்த்தாரே, கேட்டில் ஒருத்தன் காத்துக்கொண்டு நிற்கிறான், சின்னப் பெண், போகட்டும் என்று தெரிந்தேதான் எழுதினாரா? நான் மூடாமல் விட்ட கதவு வழியாக, மாடிப்படியில் யாரோ ஏறி வந்து திருப்பத்தில் நிற்கிற சத்தம் கேட்டது. மேற்கொண்டு ஏறுகிற சத்தத்தைக் காணோம்.